பழைய லேப்டாப்பைக் கைமாற்றும் முன்: எதை முதலில், எதைக் கடைசியில்

2015 முதல் 2017 வரை வாங்கிய லேப்டாப்கள் இப்போது பல வீடுகளில் பீரோவுக்கு மேலே கிடக்கின்றன. ஐந்தாம் அல்லது ஆறாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் பலர் புதிது வாங்கிவிட்டு, பழையதைக் கல்லூரி சேரும் அக்கா மகனுக்கோ, செகண்ட்ஸ் கடைக்கோ, விளம்பரம் பார்த்து வரும் முன்பின் தெரியாதவருக்கோ கொடுக்கிறார்கள். கொடுப்பது நல்ல காரியம். ஒழுங்காகத் தயார் செய்தால் இந்த மெஷின்கள் இன்னும் சில வருடம் உழைக்கும்.

தொல்லை வருவது பெரும்பாலும் வரிசை மாறுவதால். எடுக்க வேண்டியதை எடுத்து வைப்பது முதலில். கணக்குகளையும் பூட்டுகளையும் விடுவிப்பது அடுத்து. அப்புறம்தான் அழிப்பது. சுத்தம், பழுது, புது இன்ஸ்டலேஷன், சோதனை எல்லாம் அதற்குப் பிறகு. முதலிலேயே ஃபார்மேட் அடித்துவிட்டால், சில பூட்டுகளின் சாவி அந்த டிஸ்க்கோடு சேர்ந்து அழிந்துபோயிருக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. நழுவுவது மற்றவைதான்.

ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகப் படம் போட்ட கோப்புகள் உண்மையில் டிஸ்க்கில் இருக்காது, இணையத்தில் மட்டுமே இருக்கும். அந்தக் கணக்கையே மூடும் எண்ணம் இருந்தால், ஃபோல்டர் மேல் வலது க்ளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற பொருளுள்ள வரியைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் இறங்கிய பிறகே காப்பி எடுங்கள். அவுட்லுக் பயன்படுத்தியிருந்தால் டாகுமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டாலிபிரைமின் கணக்குகள் வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா என்ற பாதையில் இருக்கும். டாலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9 என்றால் அதன் பெயரிலேயே ஃபோல்டர் இருக்கும். ஃபோல்டரை மட்டும் தூக்கிப் போகாமல், டாலிக்குள்ளேயே பேக்கப் கொடுத்து அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சு செய்தவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த திருமண அழைப்பிதழ், மனு, பாடக்குறிப்பு எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய் அந்தக் கோப்புகளையும் எடுத்துவிடுங்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அந்த ஆவணம் தேவைப்படும்போது, எழுத்துருவைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருக்கும்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்து எடுக்கலாம், ஆனால் அந்தக் கோப்பில் எல்லாம் வெறும் எழுத்தாக அப்பட்டமாக இருக்கும். புதுக் கணினியில் ஏற்றிய கையோடு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

காப்பி எடுக்கும் பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரு பக்கமும் ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ் திறந்து கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். அத்தோடு விடாமல் வேறொரு கணினியில் நாலைந்து படம், ஒரு பிடிஎஃப், ஒரு வீடியோ திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

அழிக்கும் முன் இரண்டு அளவுகள்

விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே பேட்டரி, டிஸ்க் இரண்டின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்பதை இடைவெளியில்லாமல் அடித்தால் ஒரு அறிக்கை உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் அங்கேயே காட்டும். டிசைன் கெபாசிட்டி 41,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 18,500 என்றும் இருந்தால் பேட்டரியில் மிச்சம் 45 சதவீதம்.

டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். ஹார்டு டிஸ்க்கில் ரீஅலோகேட்டட் செக்டர்ஸ் (கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட சிறு பகுதிகள்), கரன்ட் பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். முழுக்கப் பூஜ்யம் என்றால் நல்லது. பெண்டிங் வரியில் ஏதாவது எண் இருந்தால் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். ரீஅலோகேட்டட் வரியில் எண் இருந்தாலும் சந்தேகம்தான், அது மாதாமாதம் ஏறும் பழக்கம் உள்ளது. அதோடு, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டரை விண்டோஸால் தொட முடியாது. அதில் இருந்த உங்கள் தரவு அழிக்காமலே கிடக்கும்.

பூட்டுகளை விடுவித்தல்

இங்கே நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால் டிஸ்க் பிட்லாக்கராலோ டிவைஸ் என்கிரிப்ஷனாலோ (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் விண்டோஸ் வசதிகள்) பூட்டியிருக்க வாய்ப்புண்டு. அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் பாதியில் சிக்கினாலோ பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) எதையாவது மாற்றினாலோ இந்தச் சாவியைத்தான் கேட்கும். அந்தப் பக்கத்திலிருந்து லேப்டாப்பை நீக்குவதை ரீசெட் முழுதாக முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே நீக்கினால் சாவியும் கையைவிட்டுப் போகலாம்.

ஆபீஸ் விஷயத்தில் குழப்பம் அதிகம். மாதச் சந்தா என்றால் கணக்குப் பக்கத்தில் அந்தக் கணினியை சைன் அவுட் செய்தால் போதும். லேப்டாப்போடு வந்த ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பு முதலில் பதிந்தவரின் கணக்கோடு இணைந்துவிட்டது, புது உரிமையாளரின் கணக்குக்கு அதை மாற்றித் தர முடியாது. ஆகவே ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லி விலை வைக்காதீர்கள். இலவசமான லிப்ரெஆபீஸ் போட்டுக் கொடுத்தால் மாணவருக்கு அது போதும்.

டாலி உரிமம் இருந்தால் அதைச் சரண்டர் செய்யாமல், அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவிக்காமல், ஒரு அடி நகரக்கூடாது. இணையம் இணைந்த நிலையில் எஃப்1 உதவி, செட்டிங்ஸ், லைசென்ஸ் வழியாகப் போய் சரண்டர் கொடுங்கள். அப்படியே ஃபார்மேட் செய்துவிட்டால் புதுக் கணினியில் ஆக்டிவேட் ஆகாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளில் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ், டெலிகிராமில் டிவைசஸ், கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் பட்டியல்: மூன்றையும் கைப்பேசியில் திறந்து இந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள்.

பயாஸ் பாஸ்வேர்டை நீங்களே வைத்துவிட்டு மறந்திருக்கலாம், அல்லது சர்வீஸ் கடையில் வைத்திருக்கலாம். ஆன் செய்த உடனே எஃப்2 (எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1) அழுத்தி உள்ளே போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பழையதைக் கொடுத்து, புதியதுக்கான இடத்தைக் காலியாக விட்டு என்டர் தட்டினால் நீங்கிவிடும். சின்ன பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பது பழைய டெஸ்க்டாப்களுக்குப் பொருந்தும். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருப்பதால் அந்த வழி பலிக்காது. ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் இங்கேயே நீக்குங்கள்.

அலுவலகம் மலிவாகக் கொடுத்த லேப்டாப்பா? அதன் அடையாளம் நிறுவனத்தின் ஆட்டோபைலட் (அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பட்டியலில் பதிவாகி இருந்தால், எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் இணையம் கிடைத்ததும் நிறுவனத்தின் லாகின் திரைதான் வரும். பட்டியலிலிருந்து நீக்குவது நிறுவனத்தின் ஐடி பிரிவால் மட்டுமே முடியும். இதை உறுதி செய்யாமல் விற்பது வாங்குபவரின் பணத்தைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போடுவது.

மேக்புக் என்றால் ஃபைண்ட் மையை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியேறுங்கள். மறந்தால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. டி2 சிப் அல்லது ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மெஷினில் மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ் இருந்தால், எல்லாவற்றையும் அழிக்கும் வசதி ஒரே இடத்தில் கிடைக்கும். அதோடு வேலை முடிந்தது.

அழித்தல்

கோப்பை டெலீட் செய்வதும் குயிக் ஃபார்மேட்டும் அட்டவணையை மட்டுமே நீக்குகின்றன. ஹார்டு டிஸ்க்கில் தரவு அதே இடத்தில் இருக்கும், இலவச மீட்புக் கருவி ஒன்றே அதை வெளியே கொண்டுவந்துவிடும். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் என்று எதையெல்லாம் ஸ்கேன் செய்து டவுன்லோட்ஸில் போட்டோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் அவசியம் புரியும்.

எந்த வகை டிஸ்க் என்பதை டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் சொல்லிவிடும்.

ஹார்டு டிஸ்க்குக்கு ஒரே ஒரு முறை முழுக்க மேலெழுதினால் போதும். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் வழிகாட்டியும் ஒரு முறையே போதுமென்று சொல்கிறது. ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் மின்சாரத்துக்கும் டிஸ்க்குக்கும் வீண் செலவு. செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங் கொடுங்கள். அடுத்த திரையில் சேஞ்ச் செட்டிங்ஸ் என்ற சின்ன எழுத்தைத் தட்டித் திறப்பதுதான் முக்கியம். அங்கே சில ஸ்விட்சுகள் வரும். க்ளீன் டேட்டாவை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் மேலெழுதுதல் நடக்காது. எல்லா டிரைவ்களிலிருந்தும் கோப்புகளை நீக்கு என்பதையும் ஆன் செய்யுங்கள். நம் ஊரில் கடைக்காரர்கள் சி, டி, ஈ என்று டிஸ்க்கைப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். இந்த ஸ்விட்சை விட்டுவிட்டால் சி மட்டும் சுத்தமாகி, குடும்பப் புகைப்படம் மொத்தமும் இருக்கும் டி டிரைவ் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும்.

1 டிபி டிஸ்க்கில் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினாலும் 2.8 மணி நேரம் ஆகும். பழைய டிஸ்க்கில் 5 மணி நேரம் வரை எதிர்பாருங்கள். சார்ஜர் செருகியபடியே இருக்கட்டும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் எழும்பாத நிலைக்குப் போய்விடும். அப்படி ஆனால் கலங்க வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவில் முன்கூட்டியே தயாரித்து வைத்த விண்டோஸ் இன்ஸ்டாலரில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தி, வரும் கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்க்பார்ட் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து க்ளீன் ஆல் கொடுக்கலாம். பட்டியலில் பென்டிரைவும் இருக்கும், அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். க்ளீன் ஆல் ஓடும்போது திரையில் எந்த அசைவும் இருக்காது. தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் அணைக்காதீர்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மேலெழுதும் வழி சரிவராது. தேய்மானத்தைச் சமப்படுத்த அதன் கண்ட்ரோலர் எழுத்தை வேறு வேறு செல்களுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், கூடுதலாகக் கொஞ்சம் இடத்தை நம் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருக்கும். எச்பி, டெல் நிறுவனங்களின் அலுவலக ரக லேப்டாப்களில் பயாஸுக்குள்ளேயே செக்யூர் இரேஸ் அல்லது டேட்டா வைப் இருக்கும். இல்லையென்றால் எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் கருவியில் அந்தக் கட்டளை கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால் பிட்லாக்கரை ஆன் செய்து முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்த பிறகு ரீசெட் கொடுங்கள். சாவி போய்விட்டால் மிச்சமிருப்பது யாராலும் படிக்க முடியாத பைட்டுகள்தான்.

இவ்வளவுக்கும் மேல் நல்ல வழி ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டுக் கொடுப்பது. தரவுக் கவலை அதோடு தீர்ந்தது. வாங்குபவருக்கும் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட பூட் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை வாங்குங்கள். ராம் சேர்ப்பதென்றால் இந்தத் தலைமுறையில் பெரும்பாலும் டிடிஆர்3எல், 1.35 வோல்ட். 1.5 வோல்ட் டிடிஆர்3 ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் பல மெஷின்களில் திரையே வராது. டிடிஆர்4-க்கு வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் நுழையவே நுழையாது. கடைக்குப் பழைய ராமைக் கழற்றிக் கொண்டுபோவது நல்லது.

திறந்து சுத்தம் செய்வது

அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தைத் தாளில் படம் வரைந்து அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் திருகினால் கை வைக்கும் பகுதியில் புடைப்பாக எழும்பி நிற்கும். உள்ளே கையை வைக்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். டச்பேட் தூக்கிக்கொண்டு நின்றாலோ மூடி சரியாக மூடவில்லை என்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் போடாதீர்கள், நெம்பாதீர்கள், அதோடு யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

ஃபேனை ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். தூசி பெரும்பாலும் ஃபேனில் இருக்காது. ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே கம்பளம் போல் படிந்திருக்கும். அதை முள்வாங்கியால் எடுத்தாலே சூடு கணிசமாகக் குறையும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு அரிசி அளவு வையுங்கள்.

வெளியே, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கீல் இடுக்கிலும் யுஎஸ்பி ஓரத்திலும் காய்ந்து கிடக்கும். உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டுத் துடையுங்கள். ஸ்டிக்கர் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் உரிந்து வரும். சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரை மட்டும் தொடாதீர்கள். திரைக்குக் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

எதைப் போட்டுக் கொடுப்பது

தகுதியில்லாத மெஷினில் விண்டோஸ் 11-ஐத் தந்திரமாக ஏற்ற வழிகள் இருக்கின்றன. உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளலாம். கணினி தெரியாத ஒருவருக்குக் கொடுக்கும் மெஷினில் அதைச் செய்வது நியாயமில்லை. அப்டேட் ஒருநாள் நின்றால் அவர் யாரிடம் போவார்? இணையப் பாடம், தட்டச்சு, வீடியோ, பைத்தான் கற்பது இவ்வளவுதான் தேவை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும்.

மின்டில் கைமாற்றுவதற்கென்றே ஒரு வசதி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பென்டிரைவில் பூட் செய்ததும் வரும் முதல் மெனுவில் ஓஇஎம் இன்ஸ்டால் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அது ஓஇஎம் என்ற தற்காலிகப் பயனரை மட்டும் உருவாக்கும். அதற்குள் போய் அப்டேட் எல்லாம் போடுங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் கைப்பேசியை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் சரியான டிரைவர் கிடைக்கும். ஐபஸ், எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை என்று விசைப்பலகைகள் வந்துவிடும். கடைசியில் உங்கள் வீட்டு வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு, டெஸ்க்டாப்பில் இருக்கும் பிரிபேர் ஃபார் ஷிப்பிங் படத்தைத் தட்டி, மெஷினை அணையுங்கள். அடுத்து ஆன் செய்பவரிடம் அது பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு அவருடையதாகவே தொடங்கும்.

விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள மெஷின் என்றால், ரீசெட் முடிந்து நாட்டைக் கேட்கும் முதல் திரை வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். நீங்களே ஒரு கணக்கு உண்டாக்கி, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வேண்டாம். உரிமம் பயாஸிலும் மதர்போர்டோடும் பதிந்திருப்பதால் தானே ஆக்டிவேட் ஆகும்.

சோதனையும் ஒப்படைப்பும்

எல்லா யுஎஸ்பியும், எச்டிஎம்ஐ, கேமரா, மைக், ஒவ்வொரு விசையும் பாருங்கள். விண்டோஸ் மெஷினில் இதை மின்ட் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து பார்த்துவிடலாம், டிஸ்க்கில் எதுவும் ஒட்டாது. ஒரு இரவு சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் பின்னே போயிருந்தால் பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர்2032. சில லேப்டாப்களில் வயரோடு வரும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தவறினால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று திருப்பி அனுப்பும், வாங்கியவர் இணையம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

டிவிடி டிரைவைத் திறந்து பாருங்கள். மெமரி கார்டு, வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவர், ஜிஎஸ்டிக்கு வைத்திருந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எதுவும் செருகியே இருக்கக் கூடாது.

அசல் சார்ஜரையே கொடுங்கள். டெல் மெஷின்கள் சில போலிச் சார்ஜரை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி, ஓடும் ஆனால் பேட்டரியை ஏற்றாது. ஒரு தாளில் மாடல், சீரியல் எண், ராம், டிஸ்க், பேட்டரி மிச்சம் எத்தனை சதவீதம், தெரிந்த குறைகள் (எந்த விசை அழுத்தமாகத் தட்ட வேண்டும் என்பது வரை) எழுதி, தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பில் நகலில் உங்கள் கைப்பேசி எண்ணையும் முகவரியையும் மறைத்துக் கொடுங்கள். திருட்டுப் பொருளோ என்ற சந்தேகம் வாங்குபவருக்கும், பின்னால் அதை வைத்து யாராவது தப்பு செய்தால் உங்களுக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

கழற்றி வைத்த ஹார்டு டிஸ்க் உடல்நலத்தோடு இருந்தால் யுஎஸ்பி கேஸ் வாங்கி பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். கெட்டது என்றால் தட்டின் மேல் நாலு துளை போடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகளில் பல கண்ணாடித் தட்டு, சில்லாக உடைந்து தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். துளைத்த டிஸ்க்கும் உப்பிய பேட்டரியும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, கம்பெனிகளின் மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ சேர்த்துவிடுங்கள்.